மலைக்கு வண்டி கட்டுகிறவர்கள் கேட்டவை

நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு வண்டியை எடுத்துக்கொண்டு கரடுமுரடான மலைத்தடம் ஏறுவது பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் வாங்கி முடித்த பிறகு எழுதியவை. வாங்குவதற்கு முன்னால் எழுதினால் என் வேலையும் குறையும், உங்கள் செலவும் குறையும்.

கேள்வி: குழு அறிவிப்பில் 'லோ ரேஞ்ச் உள்ள வண்டி மட்டும்' என்றிருக்கிறது. என்னுடையது ஆல் வீல் டிரைவ். விற்றவர் 'எங்கே வேண்டுமானாலும் போகும்' என்றார். போதாதா?

பதில்: போதாது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போவது வேறு, லோ ரேஞ்ச் என்கிற தனி கியர் அமைப்பு வேறு. லோ ரேஞ்சில் வேகம் பாதிக்கும் கீழே போய், சக்கரத்துக்கு வரும் இழுவை இரண்டு மடங்குக்கு மேல் கூடும். பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏற அது வேண்டும். இறங்கும்போது இன்னும் அதிகமாக வேண்டும்: வண்டியை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். அது இல்லாமல் நீண்ட இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், சூடேறி ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. டர்போ இல்லாத இன்ஜின் என்றால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீத சக்தி போய்விடும். இதையும் விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். இந்த முறை வேறொருவர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். செலவே இல்லாத பாடம்.

கேள்வி: இன்ஜினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கெல் குழாய் பொருத்திவிட்டேன். இனி எந்த ஆற்றிலும் இறங்கலாமா?

பதில்: இன்ஜின் மூச்சு விடும். நீங்களும் மின்வயர்களும் மூழ்குவீர்கள்.

கேள்வி: சேற்றுத் தடத்துக்கான மட் டெரெய்ன் டயர், பழையது, நான்கு வாங்கினேன். 'ஆறு மாதம்தான் ஓடியது' என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். பட்டன் தேயவே இல்லை. முதல் பயணத்திலேயே இரண்டு டயர் பக்கவாட்டில் வெடித்தன. எத்தனையோ வருடப் பழசு என்கிறார் மெக்கானிக்.

பதில்: உங்கள்மேல் தப்பே இல்லை. எழுதிக் கொடுத்திருக்கிறார் அல்லவா, அந்தத் தாளை விடாதீர்கள். வெடித்த டயர்களைத் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் சாட்சி. பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரானது. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை, சும்மா கிடந்தாலும் இறுகி வெடிப்பு விடும். பட்டன் அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவது அப்படித்தான். ஒன்று கவனியுங்கள்: பெரும்பாலும் தேதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டி விற்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்க வெட்கப்படக் கூடாது. நான்கு எண்களையும் படமெடுத்து, பில் நகலோடு, முழுப் பணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் புகார்தான். உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது.

கேள்வி: வண்டி மாட்டிக்கொண்டால் இழுக்க, '10 டன்' என்று போட்ட கயிறு ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. இரு முனையிலும் இரும்புக் கொக்கி. குழுத் தலைவர் பார்த்துவிட்டு 'இதை வெளியே எடுக்காதே' என்கிறார். ரொம்பக் கெடுபிடி பண்ணுகிறாரோ?

பதில்: அவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். என் நெடுநாள் எரிச்சலைக் கிளறிவிட்டீர்கள், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

10 டன் என்றால் எந்த 10 டன்? அறுந்துபோகும் எடையா, பத்திரமாக வேலை வாங்கக்கூடிய எடையா? கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளில், முக்கால் அங்குலம் என்றால், 4.75 டன் என்று பொறித்திருப்பார்கள். அது பத்திரமான வேலைச்சுமை, உடைவது அதற்கு வெகு மேலே. கயிற்றில் போடுவதோ பெரும்பாலும் அறுபடும் எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கயிறு இரட்டிப்புப் பலசாலி மாதிரி தெரியும். எந்த எடை என்று ஒரு வார்த்தை போட்டால் இந்தக் குழப்பமே இல்லை. போடமாட்டார்கள், குழப்பத்தில்தானே வியாபாரம்.

அடுத்தது, எந்தக் கயிறு? நைலானில் செய்த மீட்புக் கயிறு 20, 30 சதவீதம் நீளும். நீண்டு, சுருங்கும்போது சேற்றில் சிக்கிய வண்டியைப் பிடுங்கி எடுக்கும். பாலியெஸ்டர் பட்டை நீளாது. பழுதான வண்டியை நிதானமாக இழுத்துப் போகத்தான் அது. அதைக் கட்டி விருட்டென்று இழுத்தால் அதிர்ச்சி முழுவதும் இரும்பில் இறங்கும். ஏதோ ஒன்று பிய்ந்தே தீரும். பிய்ந்தால் அந்தக் கொக்கி நேரே கண்ணாடியைப் பார்த்து வரும். டிரெய்லர் மாட்டும் குமிழில் கயிறு கட்டி இழுத்து, குமிழ் முறிந்து பறந்து, உள்ளே இருந்தவர் உயிர் போனதெல்லாம் நடந்திருக்கிறது. பம்பருக்கு அடியில் இருக்கும் சின்ன வளையத்தையும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கானது.

வாங்குவதாக இருந்தால் கொக்கி இல்லாத நைலான் கயிறு வாங்குங்கள். ஆட்கள், எரிபொருள், தண்ணீர், மூட்டை எல்லாம் ஏற்றிய வண்டி எடையைப் போல அறுபடும் எடை இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். சேஸிஸில் போல்ட் போட்ட, எடை குறித்த மீட்புப் புள்ளியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். கையிலிருக்கும் கயிற்றை, 'எந்த எடை என்று குறிப்பிடவில்லை' என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பாறைத்தடத்தில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். திரும்ப அடிக்க, லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் போதுமா?

பதில்: அப்படி ஒன்றை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான், நிஜமாகவே. முதல் சக்கரம் ஜோராக ஏறியது. இரண்டாவதில் குழாயின் பித்தளை முனை தொட முடியாமல் கொதித்தது. மூன்றாவதில் ஃபியூஸ் போயிற்று. அது இப்போது வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போடுகிற வகையை வாங்குங்கள். நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். காற்றைப் பலர் 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். 15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளக்கூடும். தார்ச்சாலை வந்ததும் மறுபடி அடிக்காமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும்.

கேள்வி: வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், கூரைமேல் விளக்கு வரிசை எல்லாம் போட்டேன். இப்போது வளைவில் வண்டி சாய்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறது. வாரண்டி கிடையாது என்கிறது கம்பெனி. இன்ஷூரன்ஸும் கை விரிக்கிறது. யார்மேல் வழக்குப் போடலாம்?

பதில்: கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். வண்டியை உயர்த்தினால் எடை மேலே போகும், சாயும். மாற்றங்களைத் தெரிவிக்காவிட்டால் பாலிசி செல்லாமல் போகலாம் என்பதும், சாலைக்கு வெளியே நடக்கும் சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை என்பதும் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கும். பொருத்தியவர் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று வேறொரு மெக்கானிக் எழுதிக் கொடுத்தால், அந்த ஒன்றை மட்டும் கேட்கலாம்.

கேள்வி: குழுவாகப் போக வாடகைக்கு எடுத்த வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அடித்தட்டில் பழைய நசுங்கலைக் காட்டி முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். எடுக்கும்போது அடியில் பார்க்கவில்லை.

பதில்: யார்தான் பார்ப்பார்கள்? அதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே கை வைக்கிறார்கள். நசுங்கலைப் படம் எடுத்தீர்களா? உள்ளே துருவும் பழைய மண்ணும் படிந்திருந்தால் அன்று பட்டதல்ல என்று அதுவே சொல்லும். பழுதுபார்த்த பில் கேளுங்கள், பலரால் காட்ட முடியாது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி, கேளுங்கள், கெடு தாண்டிவிடக் கூடாது. அன்று உடன் வந்தவர்களிடம் காலையில் கிளம்பும்போது எடுத்த வீடியோ இருக்கும், விசாரியுங்கள்.

கேள்வி: எல்லோரிடமும் செல்போன் இருக்கும்போது வாக்கி-டாக்கி எதற்கு?

பதில்: மலைக்குப் பின்னால் டவர் இருக்காது. முன்வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் ஒவ்வொன்று கண்டிப்பாக.

கேள்வி: கூரைக் கேரியர் 150 கிலோ தாங்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: நிற்கும் வண்டியிலா, மேடுபள்ளத்தில் ஓடும் வண்டியிலா என்று கேளுங்கள். பிறகு உங்கள் வண்டியின் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். அங்கே 75 என்றிருந்தால், கேரியர் எதைத் தாங்கினாலும் உங்களுக்கு 75-தான், கேரியரின் எடையையும் சேர்த்து.