எந்த ஆண்டின் கோட்டை?

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் ஸ்டான்விக்ஸ் கோட்டையைப் பார்த்தேன். பழைய மரக்கோட்டை என்று வியந்து நின்றபோதுதான், அது 1970-களில் கான்கிரீட்டில் எழுப்பி மேலே மரம் பதித்தது என்று தெரிந்தது. இந்தப் போலியைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனேன்?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

கான்கிரீட் என்னை உறுத்தவில்லை. மண்ணும் மரமுமாக இருந்த அசல் கோட்டை 1781-இல் வெள்ளத்துக்கும் தீக்கும் இரையானது. அதன்மேல் ஊர் வளர்ந்தது. பிறகு ஊரின் மையத்திலிருந்த கட்டடங்களை இடித்து, அகழாய்வு செய்து, பழைய இடத்திலேயே எழுப்பினார்கள். அக்கறையாகச் செய்த வேலை அது.

ஆனால் கோட்டையை மறுபடி கட்டுகிறவர் ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்தாக வேண்டும். இங்கே தேர்ந்தது 1777. அமெரிக்க விடுதலைப் போரில், அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் தளபதி செயின்ட் லெஜர் மூன்று வாரம் முற்றுகையிட்டும் அமெரிக்கத் தளபதி கான்ஸவோர்ட் பணியவில்லை. வீரம்தான், மறுக்க முடியாது.

அந்த இடத்தின் கதை அதைவிடப் பெரியது. மோஹாக் ஆற்றில் வரும் படகுகளைக் கரையேற்றி, சரக்கோடு தரைவழியே சுமந்துபோய், வுட் கிரீக் என்ற ஓடையில் மறுபடி இறக்குவார்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து ஒன்டாரியோ ஏரிக்குப் போகும் நீர்வழியில் இடையே இருந்த தரைத்துண்டு அது. ஒனைடா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அதைக் கையில் வைத்திருக்கத்தான் பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்த 1758-இல் பிரிட்டிஷார் அங்கே கோட்டை கட்டினார்கள்.

1768-இல் அங்கே பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஜான்சன், ஒனைடா உள்ளிட்ட பூர்வகுடிகளின் இரோகுவா கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஒஹையோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த பெரும் நிலப்பரப்பு பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானி மக்கள் அதற்கு உடன்படவேயில்லை. அந்த நிலப்பரப்பிலிருந்த கென்டக்கியில் பின்னால் சிந்திய ரத்தத்தில் அந்தக் கையெழுத்துக்கும் பங்குண்டு.

1777 முற்றுகையின்போது, கோட்டைக்கு உதவ வந்த அமெரிக்கப் படை அருகிலிருந்த ஒரிஸ்கனியில் மறைந்திருந்து தாக்கப்பட்டது. அந்தப் படையோடு ஒனைடா வீரர்களும் வந்திருந்தார்கள். தாக்கியவர்களில் அதே கூட்டமைப்பைச் சேர்ந்த மோஹாக், செனெகா வீரர்கள் இருந்தார்கள். ஓர் உறவு முறிந்த நாள் அது. போர் முடிந்து 1784-இல், அதே ஸ்டான்விக்ஸில், ஒனைடா மக்களின் நிலம் அவர்களுக்கே என்று அமெரிக்க அரசு எழுதிக்கொடுத்தது. நான்கே ஆண்டுகள். 1788-இல், அதே இடத்தில், நியூயார்க் மாநிலம் அதில் பெரும்பகுதியை எழுதி வாங்கிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் அவர்களிடம் மிஞ்சியது 32 ஏக்கர்.

ஒப்பந்தங்களைப் பற்றிய விளக்கம் அங்கே இல்லாமல் இல்லை. ஆனாலும் பீரங்கி மேடையில் ஏறி நிற்கிறவருக்கு முற்றுகைதான் கண்ணில் படும். என் மனத்தாங்கல் அதுதான். மரத்துக்குள் இருக்கும் கான்கிரீட் அல்ல.