மேஜர் மக்மஹோனின் 'மதராஸ் ரெக்கார்டு': 12,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், ராமானுஜனுக்குக் கணக்கில் உதவிய மேஜர் பெர்சி மக்மஹோனைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். கணிதப் பேராசிரியர், ஆப்கன் போரில் சண்டை போட்டவர், மதராஸிலேயே ராமானுஜனைச் சந்தித்தவர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆதாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். 'மதராஸ் படைப் பதிவேட்டின் சான்றிட்ட நகல்' வாங்கித் தருவதாக ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம்கூட வேண்டாம்.

மக்மஹோன் 1873-ல் மதராஸுக்கு வந்தது உண்மை. அப்போது அவருக்கு 18 வயது. ஆனால் அவர் மதராஸ் படைக்காரர் அல்ல. ராயல் ஆர்ட்டிலரி என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் லெப்டினன்ட். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த ஐரோப்பியப் பீரங்கிப் படைகளையெல்லாம் அதோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் அவருடைய பணிப் பதிவைப் பிரிட்டிஷ் போர் அலுவலகத் தாள்களில்தான் தேட வேண்டும். அவை லண்டனில் கியூ என்ற பகுதியில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்தியப் படை அதிகாரிகளின் தாள்கள் வேறு இடம், பிரிட்டிஷ் நூலகம். உங்களிடம் பேசிய ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் 'மதராஸ் படைப் பதிவேடு' என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஒரே ஒரு சிக்கல். 1877-ல் மக்மஹோனை, இன்று பாகிஸ்தானில் இருக்கும் கோஹாட்டில் இருந்த மலைப் பீரங்கி அணிக்கு அனுப்பினார்கள். கோவேறு கழுதை மேல் பீரங்கியைப் பிரித்து ஏற்றிக்கொண்டு மலையேறும் அணி அது. சிப்பாய்கள் இந்தியர்கள், அணி பஞ்சாப் எல்லைப்படையைச் சேர்ந்தது, அதிகாரிகள் மட்டும் ராயல் ஆர்ட்டிலரியிலிருந்து வந்தவர்கள். அப்படியானால் இந்தியப் பதிவில் இருப்பாரே என்று கேட்பீர்கள். நம்மூர் டெபுடேஷன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்ப்பது வேறு துறையில், சர்வீஸ் ரிஜிஸ்டர் இருப்பது தாய்த்துறையில். அணியின் தாள்கள் இந்தியப் பக்கம் போகும், ஆளின் தாள் பிரிட்டிஷ் பக்கமே இருக்கும். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், தரகர்கள் ஆளைக் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான்.

'பஞ்சாப் எல்லைப்படை, மக்மஹோன்' என்று தேடினால் இன்னொருவர் வந்து நிற்பார். ஹென்றி மக்மஹோன், 1862-ல் சிம்லாவில் பிறந்தவர். அருணாசலப் பிரதேச எல்லையில் இருக்கிற மக்மஹோன் கோடு இவர் பெயரில்தான். இவரும் ராணுவ அதிகாரி, இவரும் பஞ்சாப் எல்லையில் இருந்தவர். ஆனால் படையில் சேர்ந்தது 1883-ல். கணித மக்மஹோன் பிறந்தது 1854-ல், மால்டாவில். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஹென்றியின் தாளைப் பெர்சியின் தாள் என்று லேமினேட் செய்து, சிவப்பு முத்திரை குத்தி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

சரி, இலவசமாக என்ன கிடைக்கும்? அந்தக் கால ராணுவ அதிகாரிகள் பட்டியலை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. ராயல் ஆர்ட்டிலரி பக்கங்களில் பெயரும் பதவி உயர்ந்த தேதிகளும் இருக்கும். கல்லூரிக் கட்டுரைக்கு அதுவே தாராளம். 12,000 ரூபாய்க்கு வரப்போவதும் பெரும்பாலும் இதே பக்கத்தின் பிரின்ட் அவுட்தான். தரகர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு காப்பகத்தில் ஒரே கோப்புக்காக மூன்று நாள் காத்திருந்து, 'பைண்டிங்குக்குப் போயிருக்கிறது' என்ற பதிலோடு திரும்பியவன் நான். வாசலில் தரகர் நிற்கிறார் என்றால், உள்ளே கவுன்டரில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

இனி அந்த மூன்று தகவல்கள். ஆப்கன் போர் தவறு. கோஹாட்டில் நோய் வந்து மருத்துவ விடுப்பில் இங்கிலாந்து போனார். இரண்டாம் ஆப்கன் போர் தொடங்கியது அதற்குப் பிறகு, 1878 நவம்பரில். அந்த நோய் வராமலிருந்தால் நமக்கு ஒரு கணித மேதை கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். மதராஸ் சந்திப்பு வெறும் கற்பனை. ராமானுஜன் பிறந்ததே 1887-ல், ஈரோட்டில்.

கணிதப் பேராசிரியர் என்பதும் சரியில்லை. 1882-ல் ஊல்விச் ராணுவ அகாடமியில் கணிதப் பயிற்றுநர் ஆனார். 1891-ல் பீரங்கிக் கல்லூரியில் மின்னியல் பயிற்றுநர் ஆனார். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியர் பதவிக்கு 1897-ல் முயன்றார், அது வேறொருவருக்குப் போனது. மறு ஆண்டு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

மகளின் கட்டுரைக்கு உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? மக்மஹோன் கையாலேயே கணக்குப் போட்டு 39,72,99,90,29,388 என்றார். ராமானுஜனும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியும் இதற்காக 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது அதே எண் வந்தது, தசமத்துக்குப் பின்னால் .004 மட்டும் கூடுதல். இந்த ஆதாரம் அச்சிலேயே இருக்கிறது. எந்தத் தரகரும் வேண்டாம்.

அந்த ஆள் மறுபடி போன் செய்தால், ஆவணத்தின் கோப்பு எண்ணையும் அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதையும் முதலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் போன் வராது.