தம்பிக்கு அந்த ஹோர்னட் வேண்டாம் அக்கா

அக்கா, லைசன்ஸ் எடுத்து 3 மாதமான தம்பிக்குப் பழைய ஹோண்டா ஹோர்னட் 250 மோட்டார் சைக்கிள் எடுக்க லீசிங்குக்குக் கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டிருந்தீங்கள். தயவுசெய்து வைக்காதீங்கோ. நாலு சிலிண்டர் எஞ்சின். ஒழுங்கைக்குள்ள ஓடிப்பார்த்தால் பசு மாதிரித்தான் இருக்கும். ஆர்பிஎம் (எஞ்சின் ஒரு நிமிசத்தில சுத்துற தடவை) 10,000ஐத் தாண்டினால்தான் சுயரூபம் தெரியும். பிரேக்கை இறுக்கினாலும் சில்லு சுத்தாமல் நின்று வழுக்க விடாத ஏபிஎஸ்ஸும் இல்லை.

என்ர மச்சானுக்கும் விற்றவர் "ஓட ஓடப் பழகிடும்" என்றுதான் சொன்னவர். வெள்ளவத்தையில், மழைக்குள்ள, முன்னால போன பஸ் சடாரென்று நிற்க, பயத்தில முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிட்டான். வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிஞ்சு, 2 மாதமாக அவன்ர சட்டைப் பொத்தானை மாமிதான் பூட்டிவிட்டவ.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடிச்சு நிற்கிற தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஏபிஎஸ் உள்ள 150 சிசி பைக் ஒன்று பாருங்கோ. கோபிப்பான், கோபிக்கட்டும்.