2050-ல எங்க கண்மாய் இருக்குமா?

கேள்வி: அண்ணே, எம்பொண்ணு இன்ஜினியரிங் படிக்கிறா. 2050-ல மதுரை எதுவரைக்கும் வளந்திருக்கும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறதுதான் அவ ப்ராஜெக்ட். மேப்பக் காட்டுனா, நத்தம் ரோடு பூரா செவப்பா வீடு வீடா இருக்கு, எங்க ஊர் கண்மாய் மட்டும் நீலமா அப்படியே கெடக்கு. பாத்ததும் சந்தோஷமாயிருச்சு. இத நம்பலாமா?
- ஒரு வாசகி, ஊமச்சிகுளம் பக்கம்

பதில்: தங்கச்சி, அந்த நீலத்த வச்சது ஒங்க பொண்ணுதாம்மா. எப்படின்னு சொல்றேன். ஊர கிராஃப் பேப்பர் மாதிரி கட்டம் கட்டமா பிரிச்சுருவாங்க, பக்கத்துக் கட்டத்துல வீடு இருந்தா இதுலயும் வர வாய்ப்பு ஜாஸ்தி, ரோடு கிட்ட இருந்தா இன்னும் ஜாஸ்தி, சரிவா இருந்தா கம்மி, அதனாலதான் யானைமலையும் நாகமலையும் தப்பிச்சு நிக்கும், இப்படி வருஷா வருஷம் தாயக்கட்டை உருட்டுற மாதிரி உருட்டிக்கிட்டே போகும். இதுக்கு செல்லுலர் ஆட்டோமேட்டானு பேரு. 1990கள்ல அமெரிக்காவுல கீத் கிளார்க்ங்கறவர் செஞ்ச ஸ்லூத் ரொம்பப் பேர் பயன்படுத்துற மாடல், மொதல்ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம்தான் போட்டுப் பாத்தாங்க. பழைய சாட்டிலைட் படத்தக் குடுத்து இன்னைக்கு வரைக்கும் வளர விட்டு, நெசத்தோட ஒத்துப்போகுதானு சரி பண்ணிட்டுத்தான் 2050-க்கு ஓட்டணும்.

ஆனா கட்டக்கூடாத எடம்னு நாம குறிச்சுக் குடுத்தத அது தொடவே தொடாது. கண்மாய அப்படிக் குறிச்சிருக்கா, அதான் நீலம்.

இன்னொன்னும் இருக்கு. 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூட வச்சதுலதான் நம்ம வெளிவீதி வந்துச்சு. அதுக்கு முந்தின மேப்ப மட்டும் குடுத்திருந்தா எந்தக் கம்ப்யூட்டரும் இத சொல்லியிருக்காது. ரிங் ரோடும் தோப்பூர் எய்ம்ஸும் அப்படித்தான், மனுசன் எடுத்த முடிவு, நாமதான் உள்ள போடணும்.

எனக்கு உண்மையிலேயே கவலை வரத்துக் கால்வாயப் பத்திதான். லேண்ட்சாட்ங்கற சாட்டிலைட் எடுக்குற படத்துல ஒரு கட்டம் 30 மீட்டர், நாலஞ்சு மீட்டர் வாய்க்கால் அதுல எங்க தெரியும்? கோடையில வத்திப்போய் சீமைக்கருவேலம் மண்டுன கண்மாயே காடு மாதிரிதான் தெரியுது. கரை அப்படியே நிக்கும், வாய்க்கால்ல பிளாட் போட்டுருவாங்க, தண்ணி வராது, அப்புறம் மேப்புல நீலம் இருந்து என்னம்மா பண்ண? அதனால விஏஓ ஆபீஸ்ல கிராம வரைபடத்த வாங்கச் சொல்லுங்க, நீர்பாய்ச்சி குடும்பத்துப் பெரியவர் யாராச்சும் இருந்தா கூட்டிக்கிட்டு மழைக்காலத்துல ஒருநாள் நடந்து, வரத்துக் கால்வாய், மடை, கலுங்கு, மறுகால் எல்லாத்தையும் போன் ஜிபிஎஸ்ல குறிச்சு மேப்புல ஏத்தட்டும். பெறகு ரெண்டு தடவ ஓட்டணும், எல்லாத்தையும் கட்டக்கூடாத எடம்னு பூட்டி ஒருதடவ, அந்தக் குறிய எடுத்துத் தொறந்துவிட்டு ஒருதடவ. தொறந்ததுல எந்த வாய்க்கால்ல மொதல்ல செவப்பு ஏறுதுனு பாருங்க, காவல் அங்கதான் வேணும். ரெண்டையும் பெருசா பிரிண்ட் போட்டு மார்ச் 22 தண்ணி தினத்து கிராம சபைக்கு எடுத்துட்டுப் போங்க, ஒங்க பொண்ணே எந்திரிச்சுப் பேசட்டும்.

கேள்வி: இந்த மாதிரி மேப்பப் பாத்து பிளாட் வாங்கலாமா?
- திருமங்கலம் வாசகர்

பதில்: வேணாங்க. 100 தடவ ஓட்டுனா எத்தன தடவ அந்தக் கட்டத்துல வீடு வருதுங்கறததான் அது சொல்லும், ஒங்க சர்வே நம்பரப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. பட்டா, வில்லங்கம், அப்ரூவல் பாருங்க, போன ஐப்பசி மழைக்கு அங்க தண்ணி நின்னுச்சானு பக்கத்து டீக்கடையில கேளுங்க.