வீடு கழுவின கணக்கில் 58,000 ரூபா போகுமா?

கேள்வி: நான் மட்டக்களப்பைச் சேர்ந்த ஆசிரியை. இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வந்து, உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட ஒரு வீட்டின் மேல்மாடியில் 2 வருடமும் 4 மாதமும் வாடகைக்கு இருந்தேன். மாத வாடகை 30,000 ரூபா. மூன்று மாத முற்பணமாக 90,000 கொடுத்தேன். ஊருக்கு மாற்றம் வந்ததும் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். தங்கச்சியும் நானும் இரண்டு நாள் நின்று வீட்டைக் கழுவித் துடைத்துப் படமும் எடுத்துக்கொண்டு திறப்பைக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து வங்கியில் 32,000 மட்டும் வந்திருக்கிறது. வீடு கழுவல் 18,000, பெயின்ற் 28,000, பூஞ்சணம் எடுத்தது 7,000, யன்னல் கம்பித் துரு 5,000 என்று வட்ஸ்அப்பில் நான்கு வரி. பில் கேட்டேன், பதில் இல்லை. போனில் வீட்டுக்கார அம்மா, “பிள்ளை, நீங்கள் இருந்த இருப்புக்கு இது காணாது” என்கிறார். ஒப்பந்தக் கடதாசியில் “வீட்டைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும்” என்று ஒரு வரி இருக்கிறது. அதை நொத்தாரிசிடம் எழுதவில்லை. குசினிச் சுவரில் எண்ணெய்க் கறை கொஞ்சம் மிஞ்சியது உண்மைதான். காசை விட அந்தச் சொல்தான் சுடுகிறது. விடுவதா, கேட்பதா?

பதில்: கேளுங்கள் தங்கச்சி. குனிந்து நிமிர்ந்து இரண்டு நாள் கழுவிய வீட்டைப் பற்றி அப்படி ஒரு சொல் வந்தால் யாருக்கும் சுடும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லப் போனால் பேச்சு உங்கள் இருப்பைப் பற்றியதாகிவிடும். காசைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். அவர் கழித்தது நான்கு தொகை. அந்த நான்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முற்பணம் உங்கள் காசு. வீட்டுக்காரர் கையில் அது பொறுப்புக்காக இருந்தது, அவ்வளவுதான். அதில் கைவைப்பவர்தான் ஏன், எவ்வளவு என்று காட்ட வேண்டும். ஒன்றை நடந்தது என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிற விதி. வீட்டைப் பழுதாக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. பழுதாக்கினீர்கள் என்று அவர் காட்ட வேண்டும், அதற்குச் செலவழித்த காசுக்குப் பற்றுச்சீட்டும் காட்ட வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த நான்கு வரி பற்றுச்சீட்டு ஆகாது.

துருவை முதலில் தள்ளிவிடலாம். உப்புவெளியில் இரும்புக் கம்பி துருப்பிடிப்பது உப்புக் காற்றால். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டிலும் அது பிடிக்கும். அந்த 5,000 முழுவதும் திரும்பி வர வேண்டிய காசு.

பூஞ்சணத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்று மழை அடிக்கிற ஊர் இது. மேல்மாடியில் கொங்கிறீட் தட்டுக்குக் கீழே ஈரம் இறங்காத வீடு குறைவு. பூஞ்சணம் எங்கே இருந்தது என்று உங்கள் படங்களைப் பாருங்கள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் தொடங்கி, மண்ணிறக் கோடு போட்டபடி கீழே இறங்கியிருந்தால் அது மேலிருந்து வந்த கசிவு. அதைத் திருத்துவது வீட்டுக்காரர் வேலை. அலுமாரிக்குப் பின்னாலும், குளியலறை மூலையிலும், உள்ளே உடுப்புக் காயப்போட்ட அறையிலும் மட்டும் கறுத்திருந்தால் யன்னலைத் திறந்து காற்று விடாததால் வந்திருக்கலாம். அதில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். கசிவைப் பற்றி மழைக்காலத்தில் அவருக்கு ஒரு தகவலாவது அனுப்பியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். “அம்மா, மேலே ஒழுகுது” என்ற ஒரு வரி போதும். மின்னணுப் பதிவுகளைச் சட்டம் 2006 முதல் ஏற்றுக்கொள்கிறது, ஆகவே போனில் இருப்பதை அழிக்காதீர்கள்.

பெயின்ற்தான் பெரிய தொகை, பெரிய அநியாயமும் அதுதான். இரண்டே கால் வருடத்துக்கு மேல் ஆட்கள் குடியிருந்த சுவர் மங்கத்தான் செய்யும். கதிரை உரசும், படம் மாட்டிய ஆணித் துளை இருக்கும், மின்விசிறிக்குக் கீழே தூசு படியும். இதெல்லாம் பாவனையால் வரும் தேய்மானம்; மாதாமாதம் நீங்கள் கொடுத்த 30,000 அதற்கும் சேர்த்துத்தான். எங்கள் நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படையாக நிற்கிற உரோமன் டச்சுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: எடுத்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக. ஒப்பந்தத்தில் உள்ள “சுத்தமாக” என்ற சொல்லும் அப்படியே. கூட்டி, கழுவி, குப்பை இல்லாமல் கொடுப்பது சுத்தம். புதுப் பெயின்ற் அடித்துக் கொடுப்பது புதுப்பித்தல். அந்த வரி அதைக் கேட்கவில்லை.

குசினிச் சுவர் வேறு கதை. எண்ணெய்க் கறை நீங்கள் வைத்தது, ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் மற்றதைக் கேட்கிற குரலுக்குப் பலம் வரும். ஆனால் ஒரு சுவருக்கு ஒரு சுவரின் காசுதான். அதிலும் பெயின்ற் கடைசியாக எப்போது அடித்தது என்று கேளுங்கள். கடற்கரை வீட்டில் உள் பெயின்ற் ஒரு 5 வருடம் தாங்கும் என்று வைத்து, நீங்கள் வரும்போதே அது 2 வருடப் பெயின்ற் என்றால், இப்போது அதன் ஆயுள் முடிகிற நேரம். எப்படியும் அவர் அடிக்கத்தான் வேண்டும். இது சட்டத்தில் எழுதியிருக்கிற கணக்கு இல்லை. நடுவில் இருந்து பேசுபவர்களுக்கு விளங்குகிற கணக்கு.

கழுவல் 18,000. நீங்கள் கழுவிய பிறகும் ஆள் பிடித்துக் கழுவினாரா? யார் கழுவினார்கள், எத்தனை பேர், எந்த நாள்? அனுராதபுரச் சந்திப் பக்கமோ வேறெங்கோ, வீடு கழுவ வருகிற இரண்டு பேரிடம் இந்த அளவு வீட்டுக்கு என்ன கூலி என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். நீங்கள் திறப்புக் கொடுத்த நாளில் எடுத்த படங்களை, நாள் தெரிகிற மாதிரி, வேறு ஒரு போனிலும் போட்டு வையுங்கள்.

பிறகு ஒரு கடிதம். கோபம் இல்லாமல், சுருக்கமாக, பதிவுத் தபாலில். இப்படி எழுதலாம்: “மதிப்புக்குரிய அம்மா, முற்பணத்தில் 58,000 ரூபா கழித்திருக்கிறீர்கள். குசினிச் சுவரின் எண்ணெய்க் கறைக்கு நியாயமான செலவை ஏற்கிறேன். மற்றவற்றுக்குப் பற்றுச்சீட்டும், பழுதைக் காட்டும் படமும் 14 நாளுக்குள் அனுப்புங்கள். அனுப்ப முடியாவிட்டால் மீதிக் காசை என் கணக்கில் வைப்பிலிடுங்கள். இல்லையேல் மத்தியஸ்த சபைக்குப் போவேன்.” தபால் கந்தோர் தருகிற துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

மத்தியஸ்த சபை, எங்கள் ஆட்கள் இணக்கசபை என்பது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இந்த மாதிரிச் சின்னப் பணத் தகராறை அங்கே கொண்டுபோகாமல் நேரே நீதிமன்றத்தில் போட முடியாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை 5 இலட்சம் ரூபாவாக்கியது. உங்களுடையது எவ்வளவோ உள்ளே. சட்டத்தரணி வைத்துப் பேச அங்கே இடமில்லை, நீங்களே பேச வேண்டும். பெரும்பாலும் மூன்று பேர் அமர்ந்து கேட்பார்கள். ஒருவரை நீங்களும் ஒருவரை அவரும் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரை எடுப்பார்கள். அவர்கள் தீர்ப்பு எழுதுவதில்லை, இரண்டு பேரையும் ஒரு தொகைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். முடியாவிட்டாலோ, மற்றவர் வராமல் விட்டாலோ, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். அதோடுதான் நீதிமன்றம். சபை எங்கே, எந்த நாள் கூடும் என்று பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்; மட்டக்களப்பிலிருந்து வர வேண்டியவர் நீங்கள், வீண் பயணம் வேண்டாம்.

நொத்தாரிசு இல்லாத கடதாசி பற்றி: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840இலிருந்து இருக்கிற சட்டம். அதனால் உங்கள் காசு போய்விடாது. மாதாமாதம் வாடகை கொடுத்து இருந்தீர்கள், முற்பணம் கொடுத்தீர்கள். வங்கிப் பதிவு அதைச் சொல்லும். ஆனால் வழக்குப் போடும் கால எல்லை எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். உங்களுடையதை 3 என்றே நினைத்து நடவுங்கள்.

பொலிசுக்குப் போக வேண்டாம், இது குடியியல் விடயம். 1977க்கு அழைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அந்த இலக்கம் கடைக்காரர், வியாபாரி மேல் முறையிட நல்லது. தனி ஒருவர் வைத்திருக்கிற வீட்டு முற்பணத்துக்குக் கிட்டிய வழி மத்தியஸ்த சபைதான்.

கேள்வி: உவர்மலையில் என் வீட்டை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். போகும்போது குசினித் தொட்டி அடைத்து, பின்வளவில் மீன் கழிவும் பம்பர்ஸ் பைகளும் குவித்து விட்டுப் போனார்கள். குளியலறை மஞ்சள். முற்பணத்தில் கழித்தால் நான் அநியாயக்காரனா?

பதில்: இல்லை அண்ணை. குப்பையும் அடைப்பும் தேய்மானத்தில் சேராது. ஆனால் கழுவ ஆள் பிடிக்க முன் படம் எடுத்தீர்களா? எடுக்காமல் கழுவினால் கழுவிய வீடுதான் சாட்சி, அழுக்கு போய்விட்டது. அவர்களை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள், வராவிட்டால் அழைத்த தகவல் போனில் இருக்கட்டும். குழாய் வேலை செய்தவரிடமும் கழுவியவரிடமும் பெயர், திகதி, தொகை எழுதி ஒப்பம் வாங்குங்கள். கடதாசித் துண்டானாலும் பரவாயில்லை. செலவான காசை மட்டும் கழியுங்கள், உங்கள் அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தொகை போட வேண்டாம். குழாயில் வெள்ளை படிந்திருந்தால் அது கிணற்றுத் தண்ணீரின் உப்பு. தேசிக்காய் தேய்த்தால் போகிறதற்குக் குழாய் மாற்றின காசு கேட்காதீர்கள்.

கேள்வி: லிங்கநகரில் வீடு எடுக்கப் போகிறேன், சாமான் இன்னும் ஏற்றவில்லை. இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: சாமான் ஏற்ற முன் போங்கள், அதுதான் ஒரே நல்ல நேரம். நான் ஒருமுறை வெறும் வீட்டைப் படம் எடுக்காமல் கட்டிலை இறக்கிவிட்டேன். கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் வெடிப்புக்குப் போகும்போது என்னிடம் காசு பிடித்தார்கள், அது முதலே இருந்தது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒவ்வொரு அறையாக நடந்து வீடியோ எடுங்கள்: கூரை விளிம்பு, யன்னல் கம்பி, குளியலறை மூலை, தொட்டிக்குக் கீழே, மின் மானி, தண்ணீர் மானி. அன்றே அதை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் “சுத்தமாக” என்று மட்டும் எழுத விடாமல், யார் கழுவுவது, பெயின்ற் யார் பொறுப்பு, முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். முற்பணத்தைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். “முற்பணம்” என்ற சொல் அதில் இருக்க வேண்டும், “வாடகை” என்று எழுதியிருந்தால் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.