ஆனியன் ரூட்டிங் மாதிரி எழுதுபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் சின்னதாக ஒரு ஆனியன் ரூட்டிங் மாதிரி எழுதணும் சார். எங்கே தொடங்குவது?

பதில்: ஆனியன் ரூட்டிங் என்றால் செய்தியை வெங்காயம் போல அடுக்கடுக்காக மறையாக்கி, வழியில் ஒவ்வொரு ரிலேயும் (செய்தியை அடுத்தவருக்குக் கடத்தும் புரோகிராம்) ஒரு தோலை உரிக்க அனுப்புவது. ஒரே கணினியில் மூன்று ரிலே போதும்: போர்ட் 9001, 9002, 9003. ஒவ்வொரு ரிலேயுடனும் எக்ஸ்25519 (சாவிப் பரிமாற்ற முறை) வழியாகத் தனி ரகசியம் உருவாக்கி, அதை எச்கேடிஎஃப்-இல் (ரகசியத்திலிருந்து சாவி எடுக்கும் முறை) கொடுத்து இரண்டு சாவி எடுங்கள்: போக ஒன்று, வர ஒன்று. மறையாக்கும் ஏஇஎஸ்-சிடிஆரில் இரு திசைக்கும் ஒரே சாவி, ஒரே கவுன்டர் என்றால் கீஸ்ட்ரீம் (செய்தியோடு கலக்கும் பைட் வரிசை) திரும்ப வரும், மறைப்பு போச்சு. இரண்டாவது, மூன்றாவது ரிலேயோடு நேரடியாகப் பேசாதீர்கள், முதல் ரிலே வழியாகவே போங்கள். இல்லையென்றால் உங்கள் ஐபி மூன்றுக்கும் தெரிந்துவிடும். ரிலேக்களின் நிரந்தரப் பொதுச் சாவிகள் முன்கூட்டியே கையில் இருக்கணும். இல்லாவிட்டால் முதல் ரிலேயே மற்ற இரண்டாக நடிக்கலாம்.

கேள்வி: அடுக்குகளை வரிசை மாற்றிப் போட்டும் வேலை செய்கிறதே அண்ணா?

பதில்: சிடிஆர் வெறும் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் கலக்கும் கணக்கு). எந்த வரிசையில் போட்டாலும் விடை ஒன்றுதான், அதனால் டெஸ்ட் இந்தப் பிழையைப் பிடிக்காது. கடைசி ரிலேயின் சாவி முதலில், முதல் ரிலேயின் சாவி வெளித்தோலாக இருக்கணும். பின்னால் வேறு சைஃபருக்கு மாறும்போதுதான் வலிக்கும்.

கேள்வி: ஒவ்வொரு அடுக்கிலும் போலி1305 (Poly1305, செய்தி வழியில் மாறவில்லை என்று சரிபார்க்கும் குறி) சேர்க்கலாமா?

பதில்: சேர்த்தால் அடுக்குக்கு 16 பைட் கூடும். ஒவ்வொரு ரிலேயும் ஒரு தோலை உரிக்க உரிக்கப் பாக்கெட் 16 பைட் சுருங்கும். நீளத்தைப் பார்த்தே ரிலே தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். டார் (Tor) என்ற நிஜ ஆனியன் வலையின் 2004 வடிவமைப்பில் செல் (ஒரே அளவுப் பாக்கெட்) எப்போதும் 512 பைட், சரிபார்ப்பு பாதையின் முனைகளில் மட்டும், நடுவில் இல்லை. அதற்கும் விலை உண்டு: முதல் ரிலே ஒரு பிட்டைப் புரட்டினால் கடைசி ரிலேயில் அதே பிட் புரண்டு நிற்கும். இருவரும் கூட்டு என்றால் அதுவே அடையாளம். நீளமும் மாறக்கூடாது, ஒவ்வொரு ரிலேயும் பாக்கெட்டின் தலைப்பகுதியைச் சரிபார்க்கவும் வேண்டும் என்றால் 2009-இல் டானெசிஸும் கோல்ட்பெர்கும் தந்த ஸ்பிங்க்ஸ் பாக்கெட் வடிவத்தைப் பாருங்கள். முதல் மாதிரிக்கு அது அதிகம்.

கேள்வி: சின்னச் செய்தி சரி, பெரிய கோப்பு குப்பையாக வருகிறது.

பதில்: ரெசீவ் 512 என்று ஒரே தடவை அழைத்திருப்பீர்கள். டிசிபிக்கு செல் எல்லை தெரியாது. 300 பைட் மட்டும் வந்திருக்கும், அதை முழு செல்லாக நினைத்துப் பிரித்திருப்பீர்கள். 512 நிறையும்வரை லூப்பில் படியுங்கள். அனுப்பும் பக்கம் சென்ட்ஆல்.

கேள்வி: டிசிபிக்குப் பதிலாக யுடிபி வைக்கலாமா?

பதில்: ஒரு செல் தொலைந்தாலே கவுன்டர் தடம் மாறும். இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: இதை வைத்து நிஜமாகவே மறைந்து உலாவலாமா?

பதில்: கூடாது. பயன்படுத்துவது நீங்கள் ஒருவரே என்றால் கூட்டமே இல்லை, யாரிடையே மறைவது? நுழைவையும் வெளியேற்றத்தையும் ஒருசேரக் கவனிப்பவருக்கு நேரப் பொருத்தமே போதும். கர்லில் (கட்டளை வழியாகத் தளங்களை எடுக்கும் கருவி) சோதிக்கும்போது ப்ராக்ஸி வகையாக சாக்ஸ்5 அல்ல, சாக்ஸ்5எச் கொடுங்கள். முன்னதில் தளப்பெயரை உங்கள் கணினியே டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். டிசிபிடம்பில் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) டிஎன்எஸ்ஸின் போர்ட் 53-ஐப் பார்த்தால் தெரியும்.