மை கொறைஞ்சா பேனா ஏன் கக்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஆர்டர் குடுத்து கையால கடைஞ்ச எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா வாங்கினேன், ஃபில்லரால மை ஊத்துற டைப். மொதல்ல சூப்பரா எழுதுது, மை பாதிக்குக் கீழ போனதும் எழுதிட்டு இருக்கறப்பவே பொட்டுனு ஒரு சொட்டு பேப்பர்ல விழுது. செஞ்சவர்கிட்ட சொன்னா, மை கொறைய விடாம ரொப்பிக்கோங்கன்றார். சமாளிக்கிறாரா? திருப்பிக் குடுத்துடலாமா?"

குடுக்காதீங்க, அவர் சொன்னது சரிதான். என்ன, பாதியோட நிறுத்திட்டார்.

இந்தப் பேனாவுல டியூபு, கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வச்சுக்கற, கழட்டி மாட்டற சின்னக் குழாய்) எதுவும் கெடையாது, பேரலே, அதாவது பேனா உடம்பே, மைக்கூடு. மை எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வருது, உங்க கைச்சூடு பேரல் வழியா போயி அந்தக் காத்து விரியுது, நிப்பு கீழ பாத்து இருக்கறதால அது மையைத்தான் வெளிய தள்ளும். கணக்கு போட்டுப் பாருங்க, உள்ள 2 மில்லி காத்து இருக்கு, 25 டிகிரில இருந்தது கைல புடிச்சு 33 ஆச்சுன்னா சுமார் 2.7 சதவீதம் விரியும், அதாவது 0.05 மில்லி, கிட்டத்தட்ட ஒரு சொட்டு! அதே பேனா நிறைய மை இருந்து காத்து வெறும் 0.2 மில்லிதான்னா தள்ளப்படறது 0.005 மில்லி, நிப்புக்கு அடியில இருக்கற ஃபீட்டே அதை வாங்கி வச்சுக்கும், உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. ஏசி ரூம்லேருந்து வெயிலுக்குப் போனா இதே கதை, இன்னும் கொஞ்சம் மோசமா.

ஆனா சொட்டுற பேனா எல்லாமே இதனாலதான் சொட்டுதுன்னு சொல்ல முடியாது. பேரல் ஃபுல்லா இருக்கறப்பவும் சொட்டுதா, இல்ல கழுத்தும் (நிப்புக்கு மேல விரல் புடிக்கற பாகம்) பேரலும் சேர்ற எடத்துல விரல்ல மை ஒட்டுதான்னு பாருங்க. அப்படின்னா மரை வழியா காத்து கசியுது. பேனாவுக்குள்ள காத்து நிப்பு பக்கமா, ஃபீட்ல இருக்கற வழியா மட்டும்தான் போகணும், அப்பதான் மை அளவா எறங்கும். வேற வழி கெடைச்சா கட்டுப்பாடே போயிடும். டெஸ்ட் பண்ண கஷ்டமில்ல, கழுவிட்டு தண்ணி ரொப்பி, மரைய நல்லா தொடைச்சு மூடி, சேர்ற எடத்துல டிஷ்யூ சுத்தி நிப்பு கீழ இருக்கற மாதிரி ஒரு டம்ளர்ல கொஞ்ச நேரம் வைங்க. டிஷ்யூ நனைஞ்சா மரைதான் குத்தவாளி.

அதுக்கு மருந்து சிலிக்கான் கிரீஸ். மரைல மெல்லிசா ஒரு பூச்சு போதும், அப்பி வச்சீங்கன்னா உள்ள போயி ஃபீட்டை அடைச்சுக்கும். வாசலின் வேண்டாம், ரப்பர் வளையம் இருந்தா ஊதிக் கெட்டுப்போகலாம். சில பேர் டெஃப்ளான் டேப் சுத்துறாங்க, எனக்கு அது புடிக்காது, தடிமனாயி மரை மேல தேவையில்லாம அழுத்தம் விழும்.

இன்னொரு சந்தேகம் ஃபீட். நிப்பும் ஃபீட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காரணும், வெளிச்சத்துல பக்கவாட்டுல தூக்கிப் பாத்தா நடுவுல கீத்து மாதிரி சந்து தெரியக்கூடாது. உங்களோடது எபோனைட் ஃபீட்டா இருந்தா (பெரும்பாலும் கையால செய்யறவங்க அதான் போடுவாங்க) கொதி அடங்கின வெந்நீர்ல கொஞ்ச நேரம் முக்கி நிப்போட சேத்து விரலால அழுத்திப் புடிச்சா அந்த வடிவத்துக்கு வளைஞ்சு உக்காந்துக்கும். பிளாஸ்டிக் ஃபீட் இப்படி லேசுல வளையாது. பழக்கமில்லாம நீங்களே செய்யாதீங்க, செஞ்சவர்கிட்டயே குடுங்க, ஏன்னா பேனா உடம்புல வெந்நீர் பட்டா கறுப்பு எபோனைட் பழுப்பா, பச்சையா நிறம் மாறிடும். வெயில்ல வச்சாலும் அதேதான். எபோனைட்னா ரப்பரோட நெறைய கந்தகம் சேத்து வேக வச்சது, புதுப் பேனாவைத் தேச்சா வர்ற வாசனையும் அதுதான்.

மரையும் ஃபீட்டும் நல்லா இருந்தா மிச்சம் உங்க பழக்கம்தான். மூணுல ஒரு பங்கு மை இருக்கறப்பவே ரொப்பிடுங்க. எழுத உக்காந்ததும் பேரலைக் கைக்குள்ள பொத்தி நிப்பு மேல பாக்கற மாதிரி ஒரு நிமிஷம் புடிங்க, விரியற காத்து மையைத் தள்ளாம நிப்பு வழியா போயிடும். சட்டைப் பையிலயும் நிப்பு மேல. பேனா மைதான் ஊத்தணும், டிராயிங் இங்க் ஊத்தினா அடைச்சுக்கும்.

நம்ம பக்கத்துல இந்த டைப் இவ்வளவு ஓடறதுக்குக் காரணம் இருக்கு. ராஜமுந்திரில ரத்னம் பேனா 1932ல ஆரம்பிச்சது, அப்பறம் நம்ம திருவள்ளூர் வரைக்கும் கடைசல் புடிச்சு பேனா செய்யறவங்க வந்தாங்க. எபோனைட் கம்பி ஒண்ணு, கடைசல் மெஷின், நிப்பு, ஃபீட் இருந்தா போதும், ரிப்பேராகற பம்ப் எதுவும் வேண்டாம், மையும் 3 மில்லி வரைக்கும் புடிக்கும். பெரும்பாலான கன்வெர்ட்டர்ல ஒரு மில்லி கூட நிக்காது. ஜப்பான்காரங்க இதே பேனாவுக்குள்ள நீளமா ஒரு தண்டு விட்டு, பின்குமிழைத் திருகினா மை வழி மூடிக்கற மாதிரி செஞ்சாங்க. அழகான வேலை, ஆனா செய்ய நேரமும் செலவும் ஜாஸ்தி.

அடுத்த பேனா ஆர்டர் குடுக்கறப்ப இதைக் கேளுங்க: பேரல் சுவர் தடிமனா இருக்கட்டும், சூடு மெதுவா போகும். கழுத்து மரை நல்லா நீளமா, நெருக்கமா வெட்டணும், முடிஞ்சா ஒரு ரப்பர் வளையம். பேரல்ல உலோகம் வேண்டாம். மேசைல உக்காந்து பக்கம் பக்கமா எழுதறவங்களுக்கு நான் மை ஊத்துற பேனாதான் சொல்லுவேன். தெனமும் பஸ்ல ஆபீஸ் போறவரா இருந்தா யோசிக்காம கன்வெர்ட்டர் போட வசதியா கேட்டு வாங்குங்க, கன்வெர்ட்டரைக் கழட்டிட்டு நேரா மை ஊத்தற மாதிரியும் செய்வாங்க, என்ன, ஆர்டர் குடுக்கறப்பவே சொல்லிடணும், கழுத்தைக் கடைஞ்ச அப்பறம் சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது.